அவள் நிறத்திலேயே பூசுங்கள்

பள்ளி ஆண்டு விழா நாளில் எட்டாம் வகுப்பு ‘பி’ பிரிவு அறைதான் எங்களுக்கு ஒப்பனை அறை. பெஞ்சுகளைச் சுவரோரம் ஒதுக்கிவிட்டு நாற்பது பிள்ளைகளை வரிசையில் நிறுத்துவோம். டவுனிலிருந்து வந்த மேக்கப்காரர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். அவர் முன்னால் ஒரு பேன்கேக் டப்பா, ஒரு குவளைத் தண்ணீர், ஒரு ஸ்பாஞ்ச். முதல் பிள்ளையின் முகத்தில் பட்ட அதே ஸ்பாஞ்ச்தான் நாற்பதாவது பிள்ளைக்கும். டப்பாவும் ஒன்று, நிறமும் ஒன்று. மாநிறப் பிள்ளை, கறுத்த பிள்ளை, சிவந்த பிள்ளை எல்லோரும் அந்த அறையைவிட்டு வரும்போது ஒரே ரோஸ் முகத்தோடு வருவார்கள். கழுத்தும் கையும் மட்டும் அவரவருடையதாக இருக்கும்.

ஓர் ஆண்டு, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி வரிசையின் கடைசியில் போய் நின்றாள். அவள் முறை வந்ததும் என் காதருகே வந்து, “மிஸ், எனக்கு மட்டும் கொஞ்சம் கெட்டியாப் போடச் சொல்லுங்க மிஸ்” என்றாள். இரண்டு கன்னத்திலும் பரு. கெட்டியாகத்தான் போட்டார்கள். மறுநாளே அவள் முகம் சிவந்து தடித்துவிட்டது; துப்பட்டா நுனியால் கன்னத்தை மறைத்துக்கொண்டு இரண்டு நாள் வகுப்பில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள். நான் அந்த டப்பாவைத்தான் திட்டினேன். அதற்குமேல் எனக்கு எதுவும் தெரியாது. அந்தப் பிள்ளைக்குச் சொல்ல என்னிடம் ஒரு நல்ல வார்த்தைகூட இருக்கவில்லை. இத்தனை ஆண்டுகளில் படித்தும் தோல் மருத்துவர்களைக் கேட்டும் தெரிந்துகொண்டதை, அன்று அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டியதை, இங்கே எழுதுகிறேன்.

12 முதல் 24 வயதுக்குள் 85 சதவீதம் பேருக்கு ஏதோ ஓர் அளவில் பரு வருகிறது என்பது மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு. பூப்பெய்தும் காலத்தில் ஆண்ட்ரோஜன் வகை ஹார்மோன்கள் கூடுகின்றன, பெண் பிள்ளைகளுக்கும்தான். அவை தோலுக்கடியில் உள்ள எண்ணெய்ச் சுரப்பிகளைப் பெருக்கவைக்கின்றன. மயிர்க்கால் துளையின் வாயில் உதிர வேண்டிய செத்த தோல் உதிராமல் எண்ணெயோடு சேர்ந்து ஒட்டி அடைத்துக்கொள்கிறது. நம் தோலில் எப்போதும் வாழும் க்யூட்டிபாக்டீரியம் ஆக்னஸ் என்ற நுண்ணுயிர் அந்த அடைப்புக்குள் பெருகுகிறது. உடம்பு அதை எதிர்க்கும்போது சிவப்பும் வீக்கமும் சீழும் வருகின்றன. இதில் முகம் கழுவாத குற்றம் எதுவும் இல்லை. ‘உடம்புச் சூடு’, ‘யாரையோ நினைக்கிறா’ என்று நாம் சொல்லும் எதுவும் இல்லை.

கண்ணுக்குத் தெரியாத அந்த முதல் அடைப்பு, பருவாக வெளியே தெரிவதற்கு வாரக்கணக்கில் ஆகும். ஃபவுண்டேஷன் என்ற முகப்பூச்சை வாங்குகிறவர்கள் மனதில் வைக்க வேண்டிய முதல் விஷயம் இது. இன்று பூசியது நாளைக் காலையில் பருவைக் கொண்டுவராது. மறுநாளே சிவந்து அரித்தால் அது எரிச்சல், அல்லது ஒவ்வாமை. என் மாணவிக்கு வந்தது பெரும்பாலும் அதுதான்: ஏற்கெனவே புண்பட்டிருந்த தோலில் கெட்டியாக அப்பியது, வியர்வையோடு ஐந்தாறு மணி நேரம் விட்டுவைத்தது, பிறகு தேங்காய் எண்ணெயைத் தடவித் துண்டால் அழுத்தித் தேய்த்தது. துளையை அடைக்கும் பூச்சோ சத்தமில்லாமல் வேலை செய்யும். ஒன்றிரண்டு மாதம் கழித்து நெற்றியிலும் தாடையிலும் சின்னச் சின்னக் குருக்களாக எழும்பும்போது, எதனால் வந்தது என்று யாருக்கும் நினைவிருக்காது. அதனால் ‘காதுக்குப் பின்னால் தடவிப் பார்த்தேன், ஒன்றும் செய்யவில்லை’ என்பது பாதி விடை. ஒவ்வாமை இல்லை என்று அது சொல்லும். பரு வருமா என்று தெரிய, புதிய பூச்சு ஒன்றை மட்டும் தொடங்கி, வேறெதையும் மாற்றாமல் ஆறு வாரமாவது கவனிக்க வேண்டும். ஒரே நாளில் ஃபவுண்டேஷன், ப்ரைமர், காம்பேக்ட், ஃபேஸ்வாஷ் என்று நான்கையும் மாற்றினால் எது குற்றவாளி என்று கண்டுபிடிக்கவே முடியாது.

அழகுப் பொருள்களால் பரு வரும் என்பதை மருத்துவ உலகம் முறையாகப் பதிவு செய்தது 1972இல். அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் ஆல்பர்ட் கிளிக்மன், ஓட்டோ மில்ஸ் என்ற இருவர் ‘ஆக்னி காஸ்மெடிகா’ என்ற பெயரில் அதை விவரித்தார்கள். எந்தப் பொருள் துளையை அடைக்கும் என்று சோதிக்க முயலின் காதுக்குள் தடவிப் பார்த்தார்கள். அந்தச் சோதனைகளிலிருந்து கிளைத்தவைதான் இன்று கைப்பேசியில் சுற்றும் ‘எந்த எண்ணெய்க்கு எத்தனை மதிப்பெண்’ பட்டியல்கள் பலவும். முயல் காது மனிதத் தோலைவிட மிக எளிதில் அடைத்துக்கொள்ளும். தவிர, ஒரு பொருளைத் தனியே அடர்த்தியாகத் தடவுவதும், ஒரு கிரீமில் துளியளவு கலந்திருப்பதும் ஒன்றாகாது. ஆகவே அந்தப் பட்டியல்களை வேதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனாலும் பரு வரும் முகத்துக்குத் தேங்காய் எண்ணெய், கோகோ பட்டர், ஐசோப்ரோபைல் மைரிஸ்டேட் ஆகிய மூன்றில் எதுவும் லேபிளில் முன்வரிசையில் இருந்தால் அந்த பாட்டிலைக் கீழே வைத்துவிடலாம் என்பது என் கருத்து. லேபிளில் அதிகம் உள்ளது முதலில் வரும், குறைவாக உள்ளது பின்னால் போகும். படித்துப் பழகினால் போதும்.

‘நான்-காமெடோஜெனிக்’ என்று பெட்டியில் அச்சிட்டிருப்பார்கள். துளையை அடைக்காதது என்று பொருள். அமெரிக்காவில்கூட இந்தச் சொல்லுக்குச் சட்டப்படியான வரையறையோ, எல்லோரும் செய்தே தீர வேண்டிய ஒரு சோதனையோ கிடையாது. தயாரிப்பாளர் தன் சொந்தப் பொறுப்பில் தரும் வாக்கு அது. இரண்டு பாட்டில்களில் ஒன்றில் அந்தச் சொல் இருந்து மற்றதில் இல்லையென்றால், இருப்பதை எடுங்கள். அதற்குமேல் அதை நம்பி நிம்மதியாகிவிட வேண்டாம். ‘ஆயில் ஃப்ரீ’யும் இப்படித்தான். எண்ணெய் என்ற பெயரில் எதுவும் இல்லாமலே எண்ணெயைப் போல் நடந்துகொள்ளும் வேதிப்பொருள்கள் அதில் இருக்கலாம்.

அப்படியானால் எதை வாங்குவது? சென்னை, தூத்துக்குடி, நாகப்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களில் புழுக்கமும் வியர்வையும் ஆண்டில் பாதிக்கு மேல். இங்கே நீரை அல்லது சிலிகோனை அடிப்படையாகக் கொண்ட, இலேசான திரவ ஃபவுண்டேஷன் பரு முகத்துக்குப் பொருந்தும். சிலிகோன் என்றதும் பிளாஸ்டிக்கைப் பூசுவதுபோலப் பலர் பயப்படுகிறார்கள். அந்த வகையைச் சேர்ந்த டைமெதிகோன் துளையை அடைப்பதில்லை. தோலின் மேலேயே நின்றுவிடுகிறது. ஸ்டிக் வடிவில் வருபவை, பேன்கேக் வகை, ‘ஃபுல் கவரேஜ்’ என்று பெருமையடித்துக்கொள்ளும் கெட்டிக் கிரீம்கள் ஆகியவை கனமாக அப்பி நிற்பவை; பலவற்றில் மெழுகும் எண்ணெயும் கூடுதல். பேன்கேக் பிறந்ததே 1930களின் இறுதியில், கலர் சினிமாவின் கடும் விளக்குகளுக்காக. ஹாலிவுட்டின் மேக்ஸ் ஃபேக்டர் அதைக் கேமராவுக்காகச் செய்தார்; பதினான்கு வயதுக் கன்னத்தை அவர் நினைத்துப் பார்த்திருக்க மாட்டார். நம் மொழியிலும் ஒப்பனைக்கு அரிதாரம் என்ற பெயர் நிலைத்திருக்கிறது. அரிதாரம் என்பது ஆர்சனிக்கும் கந்தகமும் சேர்ந்த மஞ்சள் கனிமம். மேடைக்கான பூச்சு மேடைக்காகவே இருந்தது, அதைப் பூசியவர்களின் தோலுக்காக இருந்ததில்லை.

ஏற்கெனவே மருத்துவரிடம் மருந்து வாங்கித் தடவும் பிள்ளைக்குக் கணக்கு கொஞ்சம் மாறும். பருவுக்குத் தடவும் அடாபலீனும் பென்சாயில் பெராக்சைடும் தோலை உலர்த்தும். மூக்கோரம், வாயோரம் செதில் செதிலாக உரியும். அந்தத் தோலில் ‘மேட்’ ஃபவுண்டேஷனைப் போட்டால் ஒவ்வொரு செதிலிலும் போய் ஒட்டிக்கொண்டு, இல்லாத சொறியை இருப்பதாகக் காட்டும். எண்ணெய் வழிகிற முகம்தானே என்று மாய்ஸ்சரைசரை விட்டுவிடுகிறார்கள். விடக் கூடாது. மெல்லிய மாய்ஸ்சரைசர், அதன் மேல் சன்ஸ்கிரீன், இரண்டும் இறங்கிய பிறகு ஃபவுண்டேஷன். சாலிசிலிக் அமிலம் கலந்த ஃபவுண்டேஷன் ‘பருவுக்கு மருந்து’ என்று விற்கப்படுகிறது. மருந்து எதுவும் தடவாத முகத்துக்கு அது சரிப்படலாம். அடாபலீன் தடவும் முகத்துக்கு அது கூடுதல் எரிச்சல். மருந்தை மருந்தாகவே வாங்குவோம், பூச்சைப் பூச்சாக வாங்குவோம்.

அடுத்தது நிறம். நான் நின்று பேச விரும்புவது இங்கேதான்.

நம் பேன்சி ஸ்டோர்களில் நெடுங்காலம் கிடைத்த ஷேடுகளின் பெயர்களை நினைத்துப் பாருங்கள்: முத்து, பளிங்கு, தந்தம். கருப்பட்டி நிறத்துக்கும் புளியங்கொட்டை நிறத்துக்கும் அந்தத் தட்டில் இடமே இல்லை. லாக்மே 1952இல் தொடங்கிய நாட்டில், நம் பெண்களில் பலருக்குப் பொருந்தும் ஷேடு பல பத்தாண்டுகள் எளிதில் கிடைக்கவில்லை. 2017இல் பாடகி ரிஹானாவின் ஃபென்ட்டி பியூட்டி 40 ஷேடுகளோடு வந்தபோது உலகமே அதைச் செய்தியாகப் பேசியது. கறுத்த தோலும் தோல்தான் என்று ஒரு கடைத் தட்டு ஒத்துக்கொள்வதற்கு அவ்வளவு காலம் ஆகியிருக்கிறது. அதன் பிறகு இந்திய நிறுவனங்களும் ஷேடுகளைக் கூட்டின. இன்று நம் நிறத்துக்கான பாட்டில் சந்தையில் இருக்கிறது. ஆனால் கடையில் நிற்கிற அம்மாவின் விரல் இன்னும் இரண்டு ஷேடு வெளுத்ததையே காட்டுகிறது. கடைப் பெண்ணும் அதையே எடுத்து நீட்டுகிறாள்.

பரு முகத்துக்கு இது அழகுப் பிரச்சினை மட்டுமாக நிற்பதில்லை. வெளுத்த ஷேடில் டைட்டானியம் டையாக்சைடு என்ற வெள்ளை நிறமி கூடுதலாக இருக்கும். அது மாநிறத்தின் மேல் சாம்பல் பூத்தாற்போல் நிற்கும். அந்தச் சாம்பலைச் சரிக்கட்ட இன்னொரு பூச்சு, அதன் மேல் காம்பேக்ட், அதன் மேல் ரோஸ். ஒரு பூச்சோடு முடிய வேண்டியது நான்காகிறது. எடை கூடக் கூடப் பரு மேடுகள் விளக்கில் இன்னும் எடுப்பாகத் தெரியும். ஃபவுண்டேஷன் நிறத்தை மறைக்கும், மேட்டை மறைக்காது. இதைப் பிள்ளைகளிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் கண்ணாடி முன் நின்று, மறையாத மேட்டின் மேல் மேலும் மேலும் அப்பிக்கொண்டே இருப்பார்கள். சரியான ஷேடு கிடைத்தால் மெல்லிய ஒரு பூச்சே போதும். கறை இருக்கும் இடத்தில் மட்டும் தொட்டு வைத்தாலும் போதும். மற்ற தோல் பூச்சில்லாமல் இருக்கும்.

இன்னொரு நன்மையும் உண்டு. நம் நிற ஃபவுண்டேஷனில் பழுப்பைத் தருவது இரும்பு ஆக்சைடு நிறமிகள். பரு ஆறிய பிறகு மாநிறத் தோலில் கரும்பழுப்புக் கறை மாதக்கணக்கில் நிற்கும். நம் பிள்ளைகளை அழவைப்பது பெரும்பாலும் பருவைவிட அந்தக் கறைதான். வெயிலின் புற ஊதாக் கதிர் மட்டுமல்லாமல், கண்ணுக்குத் தெரியும் ஒளியும் அந்தக் கறையை ஆழமாக்குகிறது. சாதாரண சன்ஸ்கிரீன் அந்த ஒளியைத் தடுப்பதில்லை. இரும்பு ஆக்சைடு கொஞ்சம் தடுக்கிறது. நிறம் கலந்த சன்ஸ்கிரீனைத் தோல் மருத்துவர்கள் நமக்குப் பரிந்துரைப்பது இதனால்தான். வெளுத்த ஷேடில் இந்த நிறமி குறைவு. தன் நிறத்துக்கு ஏற்றதைப் பூசும் பிள்ளைக்குக் கறை ஆறுவதற்கும் அது துணை நிற்கிறது.

ஷேடு பார்க்க வேண்டியது மணிக்கட்டில் அல்ல, தாடையும் கழுத்தும் சேரும் இடத்தில். கடையின் எல்இடி வெளிச்சத்தில் எல்லாமே பொருந்துவதுபோலத் தெரியும். ஒரு சொட்டை அங்கே தடவிக்கொண்டு வெளியே தெருவுக்கு வாருங்கள். அரை மணி நேரம் நடந்துவிட்டு, பகல் வெளிச்சத்தில் பாருங்கள். எண்ணெய் முகத்தில் ஃபவுண்டேஷன் சிறிது நேரத்தில் ஒரு படி கறுக்கும். கடையில் சரியாக இருந்தது வாசலில் மாறிவிடும். கோடு தெரியாமல் தோலோடு கரைந்துபோனால் அதுதான் உங்களுடையது. எல்லோர் விரலும் பட்ட டெஸ்டரை முகத்தில் நேராகத் தொட வேண்டாம். சுத்தமான பஞ்சில் எடுத்துத் தடவச் சொல்லுங்கள். இன்னொன்று. வீடியோக்களில் சிவந்த பருவின் மேல் பச்சை நிற கரெக்டர் வைக்கச் சொல்வார்கள். வெள்ளைத் தோலுக்குச் சொன்ன பாடம் அது. நம் கரும்பழுப்புக் கறைக்கு மங்கிய ஆரஞ்சு நிறம்தான் ஈடுகொடுக்கும்.

மஞ்சள் நீராட்டு விழா மேடைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது. பன்னிரண்டு, பதின்மூன்று வயது. பரு தொடங்குவது சரியாக அந்த வயதில். அன்றுவரை முகத்தில் பவுடரைத் தவிர எதுவும் படாத பிள்ளையை விடியற்காலையில் எழுப்பி, கல்யாணப் பெண்ணுக்குப் போடுவதையெல்லாம் போட்டு, தாய்மாமன் சீரோடு வந்து நிற்கும்போது அவள் தன் நிறத்தில் இருக்கக் கூடாது என்று எல்லோரும் சேர்ந்து முடிவு செய்துவிடுகிறார்கள். “கொஞ்சம் கலரா காட்டுங்க” என்று பியூட்டீஷியனிடம் சொல்வது பெரும்பாலும் பெற்ற தாய்தான். என் உறவில் ஒரு விழாவில் அந்தப் பிள்ளை கண்ணாடியைப் பார்த்துவிட்டு, “இது நானா பெரியம்மா?” என்று கேட்டாள். சந்தோஷமாகத்தான் கேட்டாள். எனக்கோ நெஞ்சை அடைத்தது. பூப்பெய்தியதைக் கொண்டாடும் நாளிலேயே, உன் நிறம் மறைக்கப்பட வேண்டியது என்று அவளுக்குச் சொல்லிவிட்டோம். ஆல்பத்தில் அந்த வெளுத்த முகம் நிலைத்துவிடும். பிறகு வாழ்நாள் முழுக்க அவள் அந்த ஆல்பத்து முகத்தைத் தேடிக்கொண்டே இருப்பாள்.

தேடிப் போகிற இடங்கள் ஆபத்தானவை. இந்தியாவில் ஃபேர் அண்ட் லவ்லி 1975இல் வந்தது. 2020இல் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டது. அதே 1975இல் மருத்துவ இதழ் ஒன்றில் இன்னொன்றும் வெளியானது. மேலே சொன்ன அதே கிளிக்மன், சக ஆய்வாளர் ஒருவரோடு சேர்ந்து ஹைட்ரோகுவினோன், ட்ரெடினாயின், ஸ்டீராய்டு ஆகிய மூன்றையும் கலந்து தோலின் கருமையைக் குறைக்கும் கலவையை வெளியிட்டார். மருத்துவரின் கண்காணிப்பில், குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் தடவ வேண்டிய மருந்து அது. அந்த வகைக் கலவைகள் நம் ஊர் மருந்துக் கடைகளில் ‘பருவுக்கு, கறைக்கு, கலருக்கு’ என்று சோப்பு வாங்குவதுபோல வாங்கப்பட்டன. தடவிய இரண்டு வாரத்தில் முகம் பளிச்சென்று ஆகும், பரு அமுங்கும். சில மாதத்தில் தோல் மெலிந்து, இரத்த நாளங்கள் தெரிந்து, முகத்தில் முடி வளர்ந்து, முன்பைவிட மோசமான பரு வெடிக்கும். நிறுத்தினால் எரியும், அதனால் நிறுத்த முடியாது. இந்தியத் தோல் மருத்துவர் சங்கம் இதற்கென்றே ஒரு பணிக்குழு அமைத்துப் போராடியது. 2018இல் மத்திய அரசு பூசும் ஸ்டீராய்டுகள் பலவற்றை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று அறிவித்தது. அறிவிப்பு காகிதத்தில் இருக்கிறது. உங்கள் தெருக் கடையில் சீட்டு கேட்கிறார்களா என்று பாருங்கள்.

கேரளத்தின் மலப்புரத்தில் 2023இல் பலருக்குச் சிறுநீரில் புரதம் கசியும் சிறுநீரக நோய் வந்து, விசாரித்தபோது பாதரசம் கலந்த சிவப்பழகு கிரீம்கள் காரணமாக வெளிவந்தன. தயாரித்தவர் முகவரியே இல்லாத டப்பாக்கள் அவற்றில் உண்டு. 2020இன் அழகுப் பொருள் விதிகளின்படி உள்நாட்டுப் பொருளில் தயாரிப்பு உரிம எண்ணும், இறக்குமதிப் பொருளில் இறக்குமதியாளர் முகவரியும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். இவை இல்லாத எதையும், யார் சொன்னாலும், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் பிள்ளையின் முகத்தில் வைக்காதீர்கள்.

வீட்டில் அம்மாக்கள் கேட்கும் கேள்வி ஒன்று: “படிக்கிற வயசுல எதுக்கு மேக்கப்? அதைப் போட்டாத்தான பரு வருது?” கேள்வியின் பின்னால் அக்கறை இருக்கிறது. ஆனால் ஜப்பானில் பரு உள்ள பெண்கள் 18 பேரிடம் செய்து 2005இல் வெளியிட்ட சிறிய ஆய்வு ஒன்று உண்டு. சிகிச்சை எடுத்துக்கொண்டே சரியான முறையில் ஒப்பனை செய்துகொண்டவர்களுக்குப் பரு கூடவில்லை. மனநிலையும் வாழ்க்கைத் தரமும் மேம்பட்டன. சிறிய ஆய்வுதான், அதை வைத்துப் பெரிய முடிவுக்கு வர முடியாது. என் வகுப்பறை அனுபவம் அதோடு ஒத்துப்போகிறது. கரும்பலகைக்கு எழுந்து வர மறுக்கும் பிள்ளை, குழுப் புகைப்படத்தில் பின்வரிசைக்கு ஓடும் பிள்ளை, இவர்களுக்கு ஒரு சொட்டு ஃபவுண்டேஷன் எழுந்து நிற்கும் தைரியத்தைத் தருமானால் அதை நான் தடுக்க மாட்டேன். ஒளித்து ஒளித்து, தோழியின் டப்பாவிலிருந்து, தோழியின் ஸ்பாஞ்சில் எடுத்துப் பூசிக்கொள்வதைவிட அம்மாவோடு கடைக்குப் போய்த் தன்னுடையதை வாங்குவது நல்லது. ஆண் பிள்ளைகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். கடுமையான, கட்டி கட்டியான பரு அவர்களுக்குத்தான் அதிகம். வெளியே சொல்லவும் அவர்களுக்கு வாய் வராது.

பூசும் முறையில் சொல்ல வேண்டியவை கொஞ்சம்தான். கை கழுவிய விரலே நல்ல கருவி. ஸ்பாஞ்ச் வைத்திருந்தால் வாரம் ஒரு முறையாவது சோப்புப் போட்டுக் கழுவி நன்றாகக் காயவைக்க வேண்டும்; ஈரமாகவே பைக்குள் போட்டால் அது கிருமிகளின் வீடு. தேய்க்காமல் ஒற்றி எடுக்க வேண்டும். உடைந்து நீர் கசியும் பருவின் மேல் எதையும் பூசக் கூடாது. பரு ஒட்டுவாரொட்டி இல்லை. ஆனால் ஒரே ஸ்பாஞ்சில் சீழ்ப்புண்ணும் உதட்டு அக்கியும் ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போகும். பாட்டிலைத் திறந்த தேதியை அதன் அடியில் எழுதி வையுங்கள். ஓர் ஆண்டுக்கு மேல் வைத்திருக்க வேண்டாம், வாசனை மாறினால் அதற்கு முன்பே தூக்கிப் போடுங்கள்.

இரவில் அழிக்காமல் தூங்கக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். எதைக் கொண்டு அழிக்கிறோம் என்பதில்தான் தவறு நடக்கிறது. நம் வீடுகளில் தேங்காய் எண்ணெய்தான் வழக்கம். பரு முகத்துக்கு அது வேண்டாம். ஒப்பனை நீக்கும் மைசெல்லார் வாட்டரில் பஞ்சை நனைத்து மெதுவாக ஒற்றி எடுத்துவிட்டு, மென்மையான ஃபேஸ்வாஷால் ஒரு முறை கழுவினால் போதும். எலுமிச்சைச் சாறு, டூத் பேஸ்ட், உப்பு ஸ்க்ரப் எதுவும் வேண்டாம். எலுமிச்சையும் வெயிலும் சேர்ந்தால் புதிய கறையே வரும்.

எண்ணெய் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. நெற்றியில் மட்டும், முடி தொடங்கும் கோட்டை ஒட்டி வரிசையாகச் சின்னச் சின்னக் குருக்கள் வரும் பிள்ளைகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். தலை எண்ணெய் நெற்றிக்கு வழிவதால் வருவது அது. 1970இலேயே மருத்துவ நூல்கள் அதற்குத் தனிப் பெயர் வைத்துவிட்டன. எண்ணெய் வைத்து இரட்டைச் சடை பின்னி வராத பிள்ளையை வாசலில் நிறுத்தி வைத்த பள்ளிகள் நம்முடையவை. நானும் நிறுத்தியிருக்கிறேன். அந்தப் பிள்ளைகளிடம் இன்று மன்னிப்புக் கேட்கிறேன். எண்ணெயை இரவில் வைத்து மறுநாள் தலைக்குக் குளிக்கலாம். காலையில் வைத்தே ஆக வேண்டுமானால் நெற்றியைத் துடைத்துவிட்டு அனுப்புங்கள். நெற்றிப் பருவை மறைக்க வாங்கும் ஃபவுண்டேஷன் பலருக்குத் தேவையே இல்லாமல் போகும்.

எந்த ஃபவுண்டேஷனும் பருவைக் குணப்படுத்தாது. வலிக்கும் கட்டிகள், குழி விழும் தழும்புகள், மாதவிடாய் ஒழுங்கில்லாமல் முகத்தில் முடியும் சேர்ந்து வருதல் இவற்றில் எது இருந்தாலும் மருத்துவரிடம் போக வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது. பணம் வேண்டாம், அரை நாள் ஒதுக்கினால் போதும். மருந்து வேலை செய்ய இரண்டு, மூன்று மாதம் ஆகும் என்பதை மட்டும் பிள்ளையிடம் முன்பே சொல்லிவிடுங்கள். இரண்டாம் வாரத்தில் மனம் உடைந்து மருந்தை விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம்.

ஆண்டு விழா நடத்தும் தலைமையாசிரியர்களுக்கும் நடனப் பள்ளி நடத்துகிறவர்களுக்கும் என் வேண்டுகோள் இது. மேக்கப்காரரை அழைக்கும்போதே சொல்லிவிடுங்கள்: ஒரே டப்பா போதாது, நான்கைந்து ஷேடுகளாவது கொண்டுவர வேண்டும். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி ஸ்பாஞ்ச் வேண்டும். முடியாவிட்டால் பிள்ளையே வீட்டிலிருந்து சுத்தமான பஞ்சு கொண்டுவரட்டும். விழா முடிந்ததும் வீட்டுக்கு அனுப்பும் முன் முகம் கழுவத் தண்ணீரும் சோப்பும் அந்த அறையிலேயே இருக்கட்டும். பரு உள்ள பிள்ளை வரிசையில் கடைசியாகப் போய் நின்றால் அவளை முன்னால் அழையுங்கள். அவள் கழுத்தைப் பார்த்து, அந்த நிறத்தில், மெல்லியதாகப் பூசச் சொல்லுங்கள்.